ஐயையோ சாரின் பீட்ரூட்

மீனுக்கு மலச்சிக்கல் வந்துவிடுமோ என்று பயந்து தூக்கத்தைத் தொலைத்த மனிதர் இந்தப் பூவுலகில் ஒரே ஒருவராகத்தான் இருக்க முடியும். இரும்புலியூரில் எங்கள் வீட்டுக்கு நேர் மேல் மாடியில் அவர் குடியிருந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஆனால் எந்தப் பேச்சையும் ‘ஐயையோ’வில்தான் தொடங்குவார் என்பதால், வாட்ச்மேன் முதல் அசோசியேஷன் செக்ரட்டரி வரை எல்லோருக்கும் அவர் ஐயையோ சார். “குட்மார்னிங்” என்று சொன்னால்கூட, “ஐயையோ, அதுக்குள்ள விடிஞ்சிடுச்சா?” என்பார்.

தனிக்கட்டை. ஏற்றுமதிக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. வீட்டில் அவரைத் தவிர இருந்த ஒரே ஜீவன், கண்ணாடித் தொட்டியில் ஓர் ஆஸ்கர் மீன். கறுப்பு உடம்பில் ஆரஞ்சுத் திட்டுகளோடு, ஹவுஸ் ஓனர் மாதிரி முறைக்கும் அந்த மீனுக்கு அவர் வைத்திருந்த பெயர் ‘பெரியவர்’.

டப்பாவில் விற்கும் உருண்டைத் தீனியைப் பெரியவர் திரும்பியும் பார்க்கமாட்டார். உறைய வைத்த தீனிதான் வேண்டும். ஒரு நாள் ரத்தப்புழு. சிவப்புச் சிவப்பாக நெளியும் புழுக்களை ஐஸ்கட்டியாக்கி விற்கிறார்களே, அதுதான். இன்னொரு நாள் பொடி இறால். நடுவில் வயிற்றுக்கு இதமாகத் தோலுரித்த பச்சைப் பட்டாணி. “ஐயையோ, தெனம் புழுவே குடுத்தா வயிறு கட்டிக்கும் சார்!” என்பார். சனிக்கிழமை மட்டும் முழுப் பட்டினி. வயிற்றுக்கு ஓய்வாம்.

இந்தக் கடைசிச் செய்தி என் மனைவியின் காதில் வேறு மாதிரி விழுந்துவிட்டது. முட்டை போட்ட கேக்கைக்கூட வாசற்படி தாண்ட விடாதவள் அவள். “ஒரு மீனு சனிக்கிழமையானா பெருமாளுக்கு விரதம் இருக்கு. நீங்களும் இருக்கீங்களே!” என்று என்னை இடிக்க ஆரம்பித்தாள்.

ஒருமுறை அவரோடு தாம்பரத்தில் வண்ணமீன் விற்கும் கடைக்குப் போனேன். ஒவ்வொரு பாக்கெட்டையும் வெளிச்சத்தில் பிடித்தார், தட்டினார், மோந்தார். “ஐயையோ, உள்ள பனி பூத்திருக்கு பாருங்க. ஒரு தடவ உருகி மறுபடி உறைஞ்ச மாலு!”

கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “இன்னா சார், வந்தாலே பேஜார் பண்ற? மீனுக்குத் தீனி வாங்கிகினு போறியா, பொண்ணு பாக்க வந்துகிறியா?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் மெல்லிய குரலில் சொன்னார்: “இவருக்கு முன்னாடி ஒருத்தர் இருந்தார் சார். அவசரத்துல பாக்காம ஒரு பாக்கெட் வாங்கிட்டேன். போயிட்டார்.” அவர் ‘ஐயையோ’ போடாமல் பேசி அன்றுதான் கேட்டேன். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

போன மழைக்காலத்தில் பெரியவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தார். பல நாள் கழித்து ஒருவழியாக ரத்தப்புழுவில் வாய் வைத்தார். அந்த நேரம் பார்த்து ஐயையோ சாரின் ஃப்ரிட்ஜ் உயிரை விட்டது. தெருவில் முழங்கால் தண்ணீர். மெக்கானிக், “தண்ணி வடியட்டும் சார்” என்று போனை வைத்துவிட்டார். என் மனைவி பொழிச்சலூரில் அம்மா வீட்டில் இருந்தாள்.

கையில் எவர்சில்வர் டப்பாவோடு ஐயையோ சார் வாசலில் நின்றார். “ஐயையோ, உருகிடும் சார். உங்க ஃப்ரீசர்ல ஒரு மூலை.”

“மேடத்துக்குத் தெரிஞ்சா என்னையும் சேர்த்து வெளிய வெச்சிடுவா சார்.”

“பீட்ரூட்னு சொல்லிடுங்க.”

அவர் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. டப்பாவை ஃப்ரீசரின் மூலையில் தள்ளி வைத்தேன். இரண்டு நாள் கழித்து, வடியாத தண்ணீரிலேயே நடந்து மனைவி திரும்பி வந்தாள், டப்பாவைத் திறந்தாள். “என்னங்க இது, சிவப்பா?” சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒப்பித்தேன். அவள் முகத்தில் ஒரு பூரிப்பு. “நீங்களா அரைச்சு வெச்சீங்க!”

மறுநாள் வெள்ளிக்கிழமை. குளித்துக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து குரல் வந்தது: “ஏங்க, அந்தப் பீட்ரூட்டை வெந்நீர்ல போட்டிருக்கேன். அடை மாவுல கலந்தா கலரா வரும்!”

துண்டோடு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் கட்டி கரைந்து, பீட்ரூட் தனித்தனியாகப் பிரிய ஆரம்பித்துவிட்டது. அவள் போட்ட அலறலில் இரும்புலியூரே அதிர்ந்திருக்கும். மாடிப்படியில் தடதடவென்று ஐயையோ சார் இறங்கி வந்தார். கிண்ணத்தைப் பார்த்தார்.

“ஐயையோ! வெந்நீரா ஊத்தினீங்க? சத்தெல்லாம் போச்சே மேடம்!”

ஒரு கணம் அவருக்கும் எனக்கும் சேர்த்தே காரியம் நடக்கப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். “இதை இனிமே குடுக்க முடியாது. இந்தத் தண்ணியில கடையும் தெறக்கல. இப்பத்தான் வாய தொறந்தார். நாளைக்கு வேற சனிக்கிழமை...”

மனைவி அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்த பார்வை வேறு. பிறகு ஃப்ரீசரைத் திறந்து, குருமாவுக்கு வைத்திருந்த பட்டாணிப் பாக்கெட்டை நீட்டினாள். “இது சாப்பிடுமா?”

அந்த நிலையிலும் அவர் அதைக் குலுக்கிப் பார்த்தார். உள்ளே பட்டாணி கலகலவென்று உதிரி உதிரியாக உருண்டது. “உருகாத மாலு மேடம்” என்றார். பாக்கெட்டோடு மாடிக்கு ஓடினோம். அவள்தான் தோல் உரித்தாள். முதல் பட்டாணியைப் பெரியவர் துப்பினார். இரண்டாவதையும் துப்பினார். நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மூன்றாவதை விழுங்கினார்.

இப்போது ஐயையோ சார் பெரியவரோடு பெரும்பாக்கத்துக்கு வீடு மாறிப் போய்விட்டார். மேல் மாடி வெறிச்சென்று இருக்கிறது. எனக்கு அவர் இல்லாமல் என்னவோபோல் இருக்கிறது. புழு மிதந்த அந்தக் கிண்ணம் மட்டும் இன்னும் பால்கனியில்தான் இருக்கிறது, வீட்டுக்குள் வர அதற்கு அனுமதி இல்லை.

நேற்று மாலை வானம் கறுத்தது. முதல் இடி இடித்ததும் மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

“ஐயையோ, அவர் ஃப்ரிட்ஜ் ஓடுதான்னு ஒரு போன் போட்டுக் கேளுங்க!”