பால் போத்தல் ஒழிப்புப் போராட்டம்

சென்ற வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் பிளாஸ்டிக்கை எதிர்த்துப் போர் தொடுத்தேன். உலகத்துப் பிளாஸ்டிக் முழுவதையும் அல்ல. என் ஐந்து மாத மகள் நிலக்ஷியின் பால் போத்தலை மட்டும்.

எல்லாம் மகள்மேல் உள்ள பாசம் என்று மனைவி கிருஷாந்தியிடம் சொன்னேன். உங்களிடம் மறைப்பானேன்? ஞாயிற்றுக்கிழமை எங்கள் தேயிலைத் தோட்டத்து அணிக்கும் வட்டவளை அணிக்கும் கிரிக்கெட் பைனல். நான்தான் ஆரம்பத் துடுப்பாட்டக்காரன். அதே ஞாயிறுதான் கிருஷாந்திக்கு ஹட்டனில் முன்பள்ளி ஆசிரியை டிப்ளோமா வகுப்பு தொடங்குகிறது.

"பாலை எடுத்துப் போத்தல்ல வச்சுட்டுப் போறேன். நீங்க புள்ளைக்குக் குடுங்க" என்று உத்தரவு போட்டுவிட்டாள்.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிறவன். ஆயிரம் கிலோக் கொழுந்தை நான் வாட்டிவிடுவேன். ஆறு கிலோ மகள் என்னை வாட்டிவிடுவாள்.

வகுப்புக்குப் போகாதே என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அந்தத் தைரியம் உள்ள புருஷன் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இன்னும் பிறக்கவில்லை. நல்லவேளையாகப் போனில் ஒரு வீடியோ கண்ணில் பட்டது. பாதி பார்த்ததுமே ஞானம் பிறந்தது.

"கிருஷா, இந்தப் போத்தல்ல விஷம் இருக்கு."

"பால்லயா?"

"பிளாஸ்டிக்ல. பி.பி.ஏ.ன்னு ஒன்னு."

"எங்க அண்ணன் பி.ஏ. இது அவரை விடக் கூடப் படிச்சதா?"

"சிரிக்காத. ரசாயனம். சூடா ஊத்தினா கசிஞ்சு புள்ள வயித்துக்குள்ள போயிருமாம். ஹோர்மோனையே குழப்பிருமாம்."

அவள் சிரிப்பு நின்றது. "அந்தப் போனைக் குடுங்க" என்று வாங்கி, நான் பாதியில் விட்ட வீடியோவைக் கடைசிவரை பார்த்தாள். படித்த பெண்ணைக் கட்டியதன் பலன். பிறகு போத்தலைத் தலைகீழாகப் பிடித்தாள்.

"அடியில முக்கோணத்துக்குள்ள ஏழுன்னு இருந்தாத்தான் சந்தேகப்படணுமாம். இதுல அஞ்சு. அஞ்சுல பி.பி.ஏ. இல்லையாம்."

"அஞ்சுன்னாலும் பிளாஸ்டிக் பிளாஸ்டிக்தானே! கொதிதண்ணி பட்டா அதுவும் பொடிப்பொடியா உதிருமாம்."

"அதுவும் சரிதான்." அலுமாரியைத் திறந்தாள். பெட்டி பிரிக்காத ஒரு கண்ணாடிப் போத்தலை எடுத்தாள். "கூட்டாளி ஷாமிலா குடுத்தது. கண்ணாடியில எந்த ரசாயனமும் இல்ல."

"கீழ விழுந்தா?"

"நீங்க புடிச்சா ஏங்க விழும்?"

"விழும்" என்றேன். எங்கள் அணியில் ஸ்லிப்பில் நிற்பவன் நான். ஒரு பந்தையும் விட்டதில்லை. மகளுக்காகத் தன்மானத்தைத் தியாகம் செய்தேன்.

"அப்ப எவர்சில்வர் போத்தல் வாங்குவோம்" என்றாள்.

"உள்ள எவ்வளவு பால் இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"அப்ப என்னதான் செய்யலாங்குறீங்க?"

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். எழுந்து நின்றேன். "இந்த வீட்டுக்குள்ள போத்தலே வேணாம்! புள்ளைக்குத் தாய்தான்!"

"எந்தப் போத்தலும் வேணாமா?"

"எந்தப் போத்தலும் வேணாம்!"

அவள் பார்வை மெல்ல உயர்ந்து, அலுமாரிக்கு மேலே ஒளித்து வைத்திருந்த என் சொந்தப் போத்தலில் போய் நின்றது. நான் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன்.

"நீங்க சொல்றதும் சரிதாங்க" என்றாள்.

நான் வென்றுவிட்டேன். உட்கார்ந்து துடுப்பு மட்டைக்கு எண்ணெய் பூசினேன்.

மறுநாள் பிள்ளையை நிறுக்க மிட்வைஃப் ஜெகதீஸ்வரி மிஸ்ஸி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மெல்லிய குரல். அந்தக் குரலுக்குத் தோட்டத் துரையே எழுந்து நிற்பார்.

"மிஸ்ஸி, எங்க வீட்டுக்காரர் போத்தலே வேணாங்குறாரு" என்றாள் கிருஷாந்தி.

மிஸ்ஸி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "உண்மையாவோ தம்பி? பதினெட்டு வருசமா வீடு வீடாச் சொல்லுறன். ஒரு தகப்பன் தானாச் சொல்லி இப்பதான் கேக்கிறன்."

நான் அடக்கமாகத் தலை குனிந்தேன். "தாய்ப்பால்தான் மிஸ்ஸி நல்லது. தாயும் பக்கத்துலயே இருந்தா..."

"இருக்கத் தேவையில்லை. எடுத்து வச்ச பாலைக் கப்பில குடுக்கலாம். போத்தலும் வேண்டாம், பிள்ளை சப்புற சூப்பியும் வேண்டாம். சின்ன எவர்சில்வர் கப் ஒண்டே காணும்."

கிருஷாந்தியின் கையில் கப் தயாராக இருந்தது. வெந்நீரில் அவித்த கப். உள்ளே பாலும் இருந்தது.

"அது கஷ்டமான வேலை மிஸ்ஸி. எனக்கு வராது."

"வரும். பிள்ளையை நிமித்தி மடியில வையுங்கோ. கப்பைக் கீழ்ச் சொண்டில முட்டப் பிடியுங்கோ. ஊத்தாதேங்கோ. பிள்ளை தானா நக்கிக் குடிக்கும்."

இனி என் நம்பிக்கை முழுவதும் மகள்மேல். என் ரத்தம் அல்லவா? அழுவாள், துப்புவாள், அப்பாவைக் காப்பாற்றுவாள்.

நிலக்ஷி நாக்கை நீட்டினாள். பூனைக்குட்டி போல நக்கினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். மறுபடி நக்கினாள். பொய் சொல்லக் கூடாது, அந்தச் சிரிப்பில் கொஞ்சம் உருகித்தான் போனேன். அந்த நேரம் பார்த்துக் கிருஷாந்தி வாயைத் திறந்தாள்.

"அப்பா கையால எவ்வளவு அழகாக் குடிக்குது பாருங்க மிஸ்ஸி. ஞாயித்துக்கிழமை நான் பயமில்லாமப் போவேன்."

"ஓம், ஓம். தாராளமாப் போங்கோ."

ஞாயிறு காலை சேலையில் ஒரு சுருக்கம் இல்லாமல் பஸ் ஏறிப் போனாள். ஒன்பதரைக்கு எங்கள் கேப்டன் நிரோஷன் எனக்குப் போன் எடுத்தான்.

"அண்ணே, டாஸ் போட்டாச்சு. எங்க இருக்கீங்க?"

"வீட்ல."

"வீட்ல என்னண்ணே செய்றீங்க?"

"பால் குடுக்குறேன்."

"சரிண்ணே. உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு பசங்ககிட்டச் சொல்லிடுறேன்" என்று வைத்துவிட்டான்.

ஒரு கப் தீர நாற்பது நிமிடம். பாதி பிள்ளை வயிற்றில், பாதி என் வெள்ளைச் சட்டையில். பள்ளத்து மைதானத்திலிருந்து ஒவ்வொரு விக்கெட்டுக்கும் வட்டவளைக்காரர்கள் போட்ட சத்தம் மேலே வந்தது. சத்தம் கேட்ட போதெல்லாம் என் மகள் கைதட்டப் பார்த்தாள்.

பின்னேரம் கிருஷாந்தி திரும்பி வந்தாள். பிள்ளையைத் தூக்கி முத்தமிட்டாள்.

"மேட்ச் என்னங்க ஆச்சு?"

"வட்டவளைக்காரங்க கப்பைத் தூக்கிட்டாங்க."

"அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? நீங்களும் காலையிலிருந்து கப்பைத்தான தூக்குறீங்க. அதக் கழுவி வைங்க, வர்ற ஞாயித்துக்கிழமையும் வேணும்."