அச்சமற்ற பள்ளிக்கூடமும் கடைசி பெஞ்சு மலைப்பாம்பும்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் வாழ்ந்து வந்தது என்றுதான் முறைப்படி கதையைத் தொடங்க வேண்டும். இந்தக் காட்டில் சிங்கம் இருந்ததா இல்லையா, யாரும் பார்த்ததில்லை. ஆனால் கல்வி மாவட்ட அலுவலகம் ஒன்று இருந்தது. ஒரு காட்டைக் கெடுக்க அது போதாதா?

அந்தக் கல்வி மாவட்டத்தின் கடைக்கோடியில் ஓடைக்கரைத் தொடக்கப்பள்ளி. அதன் தலைமையாசிரியை தனபாக்கியம் என்கிற வெள்ளாடு. நல்லவள்தான், குறை சொல்ல முடியாது. பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருந்தாள். வேலையின் மேலும் உயிரையே வைத்திருந்தாள். ஒரு ஆட்டுக்கு எத்தனை உயிர் இருக்கும்? வினை அங்கேதான் வந்தது.

போன மழையில் பள்ளிச் சுற்றுச்சுவர் இடிந்தது. இடிந்த வழியாக ஒரு மலைப்பாம்பு உள்ளே வந்து, வகுப்பறையின் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் சுருண்டு படுத்துக்கொண்டது. முதலில் ஒரு அணில் பிள்ளையைக் காணோம். அப்புறம் ஒரு காட்டுக்கோழிக் குஞ்சு. அப்புறம் வடிவு என்கிற முயல்குட்டியின் தம்பி. பாம்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், மரியாதை தெரிந்த பாம்பு. பாடம் நடக்கும்போது குறுக்கே பேசாது. சாப்பிட்டு முடித்ததும், "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர், பசி தாங்கல," என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணயரும்.

பிள்ளைகளை வேறு அறைக்கு மாற்ற வேண்டியதுதானே என்கிறீர்களா? அட, நீங்கள் வேறு! இன்னொரு அறைக்குக் கூரை கிடையாது. மரத்தடியில் வகுப்பு வைக்கக் கூடாதென்று மேலிடத்து உத்தரவு. தனபாக்கியம் மேலிடத்துக்கு மனு மேல் மனுவாக எழுதிப் போட்டாள். கிணற்றில் போட்ட கல்தான்.

இதற்குள் புதுக் கல்வியாண்டு பிறந்துவிட்டது. இந்த ஆண்டின் இலக்குகளை அறிவிக்க எல்லாத் தலைமையாசிரியர்களையும் கூட்டினார் மாவட்டக் கல்வி அலுவலர், திருவாளர் குலசேகரன். ஐயா ஓணான் ஜாதி. தலையாட்டுவது பிறவிக் குணம். மேலே இருந்தவர்கள் சொன்னதற்கெல்லாம் ஆட்டி ஆட்டியே அந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தவர். திரையில் படம் போட்டு ஒவ்வொரு இலக்காகப் படித்தார். எல்லாரும் எந்நாளும் வருகை. மகிழ்ச்சி பொங்கும் மதிய உணவு. எல்லாவற்றுக்கும் மேலாக, அச்சமற்ற பள்ளிக்கூடம். பன்றி வாத்தியார் பலமாகக் கை தட்டினார். அவருக்குப் பதவி உயர்வு நிலுவையில் இருந்தது.

தனபாக்கியம் எழுந்தாள். "ஐயா, எங்க ஸ்கூலுக்குள்ள ஒரு மலைப்பாம்பு இருக்குங்க. பிள்ளைங்களை முழுங்குதுங்க."

ஓணான் தலையை ஆட்டினார். "அது எந்த இலக்குக்குக் கீழ வருது டீச்சர்?"

"இலக்குல ஒண்ணும் இல்லீங்க. ஆனா பாம்பு இருக்குதுங்க."

"பாம்பைப் பிடிக்கிறது வனத்துறை வேலைம்மா. நாம கல்வித்துறை. பாம்பு இருக்கலாம், பயம் இருக்கக் கூடாது, அதான் நம்ம இலக்கு. ஒண்ணு செய்யறேன். நானே ஆய்வுக்கு வர்றேன். பிள்ளைங்க பயப்படுறாங்கன்னு மட்டும் தெரியட்டும், அங்கேயே நின்னு வனத்துறைக்குப் போன் போட்டு அதை அப்புறப்படுத்திடறேன். போதுமா?"

தனபாக்கியத்துக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஓட்டமும் நடையுமாக வந்து வடிவைக் கட்டிக்கொண்டாள். "கவலைப்படாதடி கண்ணு. ஆபீசர் வர்றாரு. பாம்பைப் பத்திக் கேட்டாருன்னா பயமா இருக்குன்னு எல்லாரும் சொல்லிடுங்க, அவ்வளவுதான்." இதை ஒரு தடவை சொன்னாள். ஒரே ஒரு தடவை.

ஆய்வு என்றால் பாம்பை மட்டுமா பார்ப்பார்கள்? வாய்ப்பாடு கேட்பார்கள், பொது அறிவு கேட்பார்கள். பாம்போடு உட்கார்ந்து எந்தப் பிள்ளைக்கு வாய்ப்பாடு ஏறும்? ஆகவே தனபாக்கியம் அந்த மாவட்டத்து வாத்தியார்கள் காலங்காலமாகச் செய்கிற காரியத்தைச் செய்தாள். "ஆபீசர் என்ன கேட்டாலும் யோசிக்கக் கூடாது, எல்லாரும் சடார்னு கையைத் தூக்கணும். தெரிஞ்சவங்க வலது கை. தெரியாதவங்க இடது கை. வலது கையைத்தான் நான் எழுப்புவேன். நான் எழுப்பாம எவளாவது எவனாவது வாயைத் திறந்தீங்க, தோலை உரிச்சிடுவேன்!" காலையும் மாலையும் இதே பயிற்சி. கை என்றால் முன்னங்கால்; கதையில் அதையெல்லாம் கேட்கக் கூடாது. கடைசியில் பிள்ளைகளுக்குக் கேள்விக்குறியைக் கண்டாலே கை தூக்கும் பழக்கம் வந்துவிட்டது. பாம்பும் தலையைத் தூக்கி வைத்துக் கவனித்தது.

ஆய்வு நாள். வாசலில் கோலம், மாலை, மரியாதை. உள்ளே வந்த ஓணான், "ஏழெட்டு எவ்வளவு?" என்றார். அத்தனை கையும் மேலே போனது. வலது கை ஒன்றைப் பார்த்து எழுப்பினாள் தனபாக்கியம். "ஐம்பத்தாறு சார்!" ஓணானுக்கு வாயெல்லாம் பல்.

அப்போதுதான் கடைசி பெஞ்சுப் பக்கம் அவர் கண் போனது. அடுத்த நொடி மனிதர், மன்னிக்கவும், ஓணான், ஜன்னல் கம்பியின் உச்சியில் இருந்தார். மாலை கீழே கிடந்தது. அங்கே தொங்கிக்கொண்டே கேட்டார்: "பிள்ளைங்களா! இந்தப் பாம்பைப் பார்த்துப் பயமே இல்லாதவங்க யாரு? கையைத் தூக்குங்க பார்ப்போம்!"

சடார் என்று எல்லாக் கையும் மேலே போனது. எல்லாம் இடது கை.

நான் இல்லை, நான் இல்லை என்று அத்தனை பிள்ளையும் கதறுகிறது. அந்த வகுப்பில் இருந்த எல்லாருக்கும் அது புரிந்தது, பாம்பு உட்பட. புரியாத ஒரே ஜீவன் ஜன்னலில் தொங்கியது.

"அடேயப்பா! ஒருத்தர் பாக்கியில்லையே!" என்று செல்போனை எடுத்துப் படம் பிடித்தார் ஓணான்.

வடிவு மட்டும் சுதாரித்துக்கொண்டாள். தூக்கிய இடது கையை இறக்காமல் வலது கையையும் தூக்கினாள். எனக்குத் தெரியும் டீச்சர், என்னை எழுப்புங்கள், நான் சொல்கிறேன் என்று அர்த்தம். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"ரெண்டு கையையும் தூக்குது பாருங்க! என்ன தைரியம்!"

தனபாக்கியம் வாயைத் திறந்தாள். அது இடது கைங்க ஐயா என்று சொன்னால் போதும், பாம்பு போய்விடும். சொன்னால், இடது கைக்கு என்ன அர்த்தம் என்று ஓணான் கேட்பார். ஏழெட்டு ஐம்பத்தாறின் குட்டு உடையும். மெமோ வரும், சஸ்பென்ஷன் வரும், வேலை போனாலும் போகும். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டாளே பாவி! வடிவைப் பார்த்தாள். ஓணானைப் பார்த்தாள்.

"அது வந்துங்க ஐயா... எங்க பிள்ளைங்க எப்பவுமே தைரியசாலிங்கதாங்க."

அடிப்பாவி! இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அச்சமற்ற பள்ளிக்கூடம் என்ற இலக்கை முதலில் எட்டிய பள்ளி என்று ஓடைக்கரைக்கு அன்றைக்கே பாராட்டுச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார்கள். வனத்துறைக்கு யாரும் போன் போடவில்லை. பயமில்லாத இடத்தில் வனத்துறைக்கு என்ன வேலை?

மறுநாள் காலை தனபாக்கியம் பெயர் கூப்பிட்டாள். "வடிவு."

இன்னொரு தடவை கூப்பிட்டாள்.

"வடிவு?"

கடைசி பெஞ்சுக்குப் பின்னாலிருந்து, நடுவில் புடைத்துப்போன மலைப்பாம்பு கூச்சத்தோடு சொன்னது: "வந்திருக்கா டீச்சர்."

தனபாக்கியம் அழுதாள். தேம்பித் தேம்பி, மற்றப் பிள்ளைகள் மிரண்டுபோகும்படி அழுதாள். அழுதுகொண்டே வடிவுக்கு வருகை போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

நீதி: பாம்பென்றால் படையும் நடுங்கும், ஆய்வுக்குத் தயாரான பள்ளிக்கூடம் நடுங்காது.