மாவுக்கட்டுக்குள் ஆறு அங்குலம்

எனக்குப் பொய் சொல்ல வராது என்று எங்கள் காஜா பெராங் வட்டாரத்தில் ஒரு நல்ல பெயர் உண்டு. அது தவறு. எனக்குப் பொய்யையும் அளந்துதான் சொல்ல வரும், அவ்வளவே.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம். அரசாங்க வரைபட அலுவலகத்தில் தற்காலிக வேலை எனக்கு. (பெரியவர்கள் வரைந்த கட்டடப் படத்தின்மேல் மெல்லிய தாளை விரித்து, கோடு பிசகாமல் மையால் இழுக்க வேண்டும்.) வாசலில் கொடி வளைவு கட்டினார்கள். அது நேராக இருக்கிறதா என்று பார்க்க, யாரும் கேட்காமலே ஏணியில் ஏறினேன். வளைவு நேராகத்தான் இருந்தது. ஏணிதான் இல்லை.

வலது மணிக்கட்டு. அறுவை செய்து, கம்பி வைத்து, முழங்கைக்குக் கீழே வரை மாவுக்கட்டு. ஆறு வாரம். "உள்ள எதையும் விடாதீங்க" என்றார் டாக்டர். கை தேறியது என்று அவர் கடிதம் கொடுத்தால்தான் நிரந்தர வேலைக்கான தேர்வில் உட்காரலாம். இல்லையென்றால் அந்த இடம் வேறொருவருக்கு.

வலியை முறைப்படி எதிர்கொண்டேன். கட்டம் போட்ட தாளில், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு புள்ளி, இடது கையால்.

"ஏன்டி, நோவுறதுக்கும் கோடு போடுவியா? வாய்விட்டு அழுதா முடிஞ்சிச்சிலா!" என்றார் அம்மா.

(அழுகைக்கும் ஒரு தனிக் கட்டம் இருந்தது. அம்மாவிடம் காட்டவில்லை.)

வலிக்கோடு இறங்க இறங்க, அரிப்புக்கோடு ஏறியது. இரண்டும் வெட்டிக்கொண்டது மூன்றாம் வாரம், செவ்வாய்க்கிழமை. என்னை மறந்துவிடக் கூடாதே என்று அலுவலகத்தில் தலைகாட்டப் போயிருந்தேன். தலைமை வரைவாளர் தம்பையா யாழ்ப்பாணத்துக்காரர். தேநீர் குடிக்கப் போயிருந்தார். அவர் மேசையில் அவருடைய தந்த அளவுகோல். ஆறு அங்குலம், மெல்லியது, வழவழப்பானது. கடவுள் அதை அரிப்புக்கென்றே படைத்திருக்க வேண்டும்.

முழங்கைப் பக்கமாக உள்ளே விட்டேன். ஆகா! கண்ணை மூடினேன். காலடிச் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டதில் விரல் தவறி, அளவுகோல் முழுவதும் உள்ளே போய்விட்டது.

"பிள்ளை, என்ர ஸ்கேலைக் கண்டனீரோ?"

"இங்க எங்கயும் கண்ணுல படல சார்" என்றேன். (ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.)

அவர் எலி மேல் பழி போட்டுப் பொறி வைத்தார்.

வீட்டில் மீட்புப் பணி தொடங்கியது. பக்கத்துக் குடியிருப்பான கம்போங் செட்டியிலிருந்து அம்மாவின் சிநேகிதி மாக் மீனா வந்தார். அவர் பேசுவதெல்லாம் மலாய்தான். அம்மா என் கையைத் தலைகீழாகப் பிடிக்க, மாக் மீனா மிளகாய்த்தூள் போத்தலைத் தட்டுவதுபோல் தட்டினார். "பெலான்-பெலான்!" என்று மெதுவாகச் செய்யச் சொன்னவரும் அவர்தான், வேகமாகத் தட்டியவரும் அவர்தான். அளவுகோல் வரவில்லை. வலிக்கோடு தாளின் மேல் விளிம்பைத் தாண்டியது.

"டாக்டர்கிட்ட சொல்லிருடி."

"சொன்னா கடிதம் தரமாட்டாரும்மா."

மீதி மூன்று வாரமும் திரும்பிப் படுத்தால் ஒரு குத்து, இருமினால் ஒரு குத்து. மனசு குத்துவதற்கும் அதே தாளில் ஒரு கட்டம் போட்டு, தலைப்பு எழுதினேன்: 'தம்பையா சார்'.

கட்டு வெட்டும் நாளன்று, கடிதத்தைக் கையோடு வாங்கிப்போக அவரே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். அவ்வளவு நல்ல மனிதர். பெரிய கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்த டிரெஸ்ஸர் சட்டென்று நிறுத்தினார்.

"டாக்டர், உள்ள என்னமோ இருக்கு."

"என்ன, எலும்பா?"

"இல்ல டாக்டர். இஞ்ச் போட்டிருக்கு."

தம்பையா எழுந்து வந்தார். அளவுகோலை வாங்கிக் கைக்குட்டையால் துடைத்தார். ஒரு கண்ணை மூடி விளிம்பைப் பார்த்தார்.

"வளையேல்லை" என்றார் நிம்மதியாக. அதன்பிறகுதான் என்னைப் பார்த்தார். "உம்மட கை?"

கை வளைந்தால்தானே! மணிக்கட்டு மரக்கட்டையாக இருந்தது. தோலில் அங்குலக் கோடுகள் வரிசையாகப் பதிந்திருந்தன. டாக்டர் அவற்றை வைத்தே வீக்கத்தை அளந்துவிட்டு, "கடிதம் இப்ப இல்ல" என்றார். எனக்கு அழுகை வந்தது. (கட்டம் போட்ட தாள் கையில் இல்லை.)

தம்பையா தொண்டையைச் செருமினார். "ரெண்டு மாசம் பொறுப்பம். சோதினையைத் தள்ளி வைக்கிறன். அதுவரைக்கும் என்ர மேசைக்குக் கிட்ட வராதையும்."

இரண்டு மாதமும் ஈரத்துணி பிழிந்தேன், கதவுக் குமிழைத் திருகினேன், ரொட்டி மாவு பிசைந்தேன். மணிக்கட்டு நாளுக்கு ஒரு நெல் அளவு இறங்கிக் கொடுத்தது. தேர்வன்று தம்பையா தம் அளவுகோலை என் முன் வைத்து, கோடு போட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே காவல் நின்றார். வேலை நிரந்தரமானது.

போன வாரம் அம்மாவின் சாவிக்கொத்தைக் காணோம். வீடு முழுக்கத் தேடிய பிறகு மாக் மீனா என்னிடம் வந்தார். என் வலது கையைத் தலைகீழாகப் பிடித்து, இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.