அந்தோனியோவுக்காக மன்றாடுவோம்

கிட்ட வந்து இருங்கோ, பிள்ளையள். அந்தக் கதிரையை இஞ்சாலை இழுத்துப் போடுங்கோ. எங்கட மொன்றியலுக்கென்று ஒரு பேஸ்போல் அணி இருந்த கடைசிக் கோடையில், ஒருநாளும் நேரில் காணாத ஒரு பெடியனுக்காக ஒரு கோயிலே உருகின கதையைச் சொல்லுறன். சிரிப்பு வந்தால் சிரியுங்கோ. அருமைராசாவை மட்டும் கொஞ்சம் பாவம் பாருங்கோ.

அன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசை. மன்றாட்டு நேரம்.

"வேறை ஆருக்கேன் மன்றாட்டு இருக்கோ?" என்று செபக்குழுத் தலைவி எலிசாக்கா ஒலிவாங்கியில் கேட்டார்.

கடைசி வாங்கில் இருந்து அருமைராசா எழும்பி நின்றார். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்க்காமல் என்ன செய்யும்? வருசக்கணக்காக, மனைவி றோசாவைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, பூசை முடியுமட்டும் காருக்குள் றேடியோ கேட்டுக்கொண்டிருந்த மனுசன் அவர்.

"அந்தோனியோ எண்டு ஒரு பெடியன்..." தொண்டையைச் செருமினார். "நல்ல பெடியன். கொஞ்ச நாளாக் கை சரிவருகுதில்லை. அவனுக்குத் திரும்பக் கை வரவேணும் எண்டு மன்றாடுவம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்," என்றது சனம்.

றோசா மட்டும் பாட்டுப் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டாள்.

அந்தோனியோ ஆர் என்று சொல்லவேணுமே. அருமைராசா வேலைசெய்தது சென்ட் லோரன்ட் பக்கம், மருந்துப் போத்தல் அடைக்கிற ஒரு தொழிற்சாலையில். அங்கே ஃபோர்மன் பேனாட்டுக்குப் பேஸ்போல் என்றால் விசர். கோடை விடுமுறைக்கு எல்லாரும் ஒரே கிழமையைக் கேட்டு ஆளுக்காள் முறைக்கிறார்கள் என்று, அந்த வருசம் அவன் ஒரு புதுச் சட்டம் போட்டான். ஒவ்வொருவரும் உண்மையான விளையாட்டுக்காரரைப் பொறுக்கிக் கணினியில் ஒரு கற்பனை அணி வைத்திருக்கவேணும். அந்த விளையாட்டுக்காரர் மைதானத்தில் அடிக்க அடிக்க, வைத்திருக்கிறவருக்குப் புள்ளி ஏறும். ஆனி மாதக் கடைசியில் வருகிற சென்ட் ஜோன் பெருநாளுக்கு முதல்நாள் ஆர் முன்னுக்கு நிற்கிறாரோ, அவர் முதலில் தன் விடுமுறைக் கிழமையைச் சொல்லலாம். கடைசி ஆளுக்கு மிஞ்சினது.

அருமைராசாவுக்கு ஆவணி நடுக்கிழமை வேணும். மன்னாரில் அவருக்கு ஒரே ஒரு தங்கச்சி. அவர் வள்ளம் ஏறின நாளுக்குப் பிறகு முகம் காணாத தங்கச்சி. டொரொன்டோவில் ஒரு கலியாணத்துக்கு விசா கிடைத்து வருகிறாள். அண்ணனோடு நிற்கப்போவது அந்த ஒரு கிழமைதான். அந்தக் கிழமையில் இவர் போத்தல் அடைக்க, அவள் தனியச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பதோ?

பேஸ்போல் அவருக்கு மருந்துக்கும் தெரியாது. அணி பொறுக்கிற நாளில், அந்தோனியாரின் பெயர் இருந்ததால் மொன்றியல் அணியில் ஆடின இந்தப் பெடியனை முதல் ஆளாக எடுத்துவிட்டார்.

எடுத்த நாளிலிருந்து பெடியன் அவருக்குள் குடியேறிவிட்டான். வெள்ளைப் போத்தல்கள் ஊர்ந்து வரும், மூடிகள் விழும், அவருடைய கண் மட்டும் எங்கோ பச்சைப் புல்லில் நிற்கும். அந்தோனியோ துடுப்பை வீசுகிறான். பந்து எழும்புகிறது. அவர் குடியிருந்த வில்லரேப் பக்கத்து வீடுகளின் வெளிப்படிக்கட்டுகளுக்கு மேலால், உடுப்புக் காய்கிற கொடிகளுக்கு மேலால், அவசரமே இல்லாமல் மிதந்து, ஆற்றைக் கடந்து, கடலைக் கடந்து போகிறது. கீழே விழ அதற்கு மனமே இல்லை.

நிசத்தில் அந்தோனியோ காற்றைத்தான் அடித்துக்கொண்டிருந்தான்.

"அருமை அண்ணை, சொன்னாக் கேளுங்கோ. இவனைக் கழட்டி விடுங்கோ." பக்கத்தில் நின்று வேலைசெய்கிற நிரஞ்சனி, சாப்பாட்டு நேரத்தில் கணினியைத் திருப்பிக் காட்டினாள். "வெளியாலை போற பந்தையெல்லாம் எட்டி எட்டி வீசுறான். எறியிறவங்கள் இவனைக் கண்டாலே சிரிக்கிறாங்கள்."

"இருபத்திரண்டு வயசுப் பிள்ளை. பட்டால் எவ்வளவு தூரம் போகுது எண்டு பாத்தனீரே?"

"பட்டால்! அதுதானே படுகுதில்லை. இவன் ரெண்டு வருசத்திலை பெரிய ஆளா வருவான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. உங்கட தங்கச்சி ரெண்டு வருசம் பொறுத்தோ வாறா?"

அருமைராசா பாணைக் கடித்தபடி அந்தோனியோவின் புள்ளிகளைத் திரும்ப எண்ணினார்.

பேனாட் கோப்பிக் கோப்பையோடு வந்து, உடைந்த ஆங்கிலத்தில் பேரம் பேசினான். "அந்தப் பெடியனை எனக்குத் தா. பதிலுக்கு என்ரை வயசாளி ஒருத்தனைத் தாறன். ஆமை மாதிரித்தான் ஓடுவான். ஆனால் நாள் தவறாமல் அடிப்பான்."

"தரமாட்டன். கோயிலிலை மன்றாட்டுக் குடுத்திருக்கு," என்றார் அருமைராசா.

பேனாட்டுக்கு அது விளங்கவில்லை. நிரஞ்சனி பிரெஞ்சில் விளங்கப்படுத்தியதும் அவன் தொப்பியைக் கழற்றிவிட்டுப் போனான்.

மன்றாட்டோடு விட்டிருக்கலாம். ஆனால் எலிசாக்கா விடுகிற ஆளில்லை. அந்தக் கிழமையே கை நோவுக்குப் பூசுகிற எண்ணெய்ப் போத்தலோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"தம்பி அருமை, அந்தப் பெடியன் எங்கை இருக்கிறான்?"

கோயில் ஆளிடம் பொய் சொல்ல அருமைராசாவுக்கு மனம் வரவில்லை. விளையாட்டுக்காரனுக்காக மன்றாடினேன் என்று சொல்ல வெட்கமும் விடவில்லை. அதனால் உண்மையை ஒவ்வொரு துண்டாக உடைத்துக் கொடுத்தார்.

"நிலையா ஒரு இடமில்லை, அக்கா. ஊர் ஊராப் போறவன்."

"ஐயோ, வீடில்லையோ! வேலை வெட்டி?"

"வேலை இருக்கு. கனக்க இரவு வேலைதான். பிழைச்சால் ஆயிரம் பேர் கூவுவினம்."

எலிசாக்கா நெஞ்சில் சிலுவை அடையாளம் போட்டார். "தாய் தகப்பன்?"

"அவையள் தூரத்திலை, ஒரு தீவிலை. இவன் சின்ன வயசிலை தனிய வந்தவன்."

"தீவுப் பெடியனோ!" எலிசாக்காவின் கண் கலங்கிவிட்டது. "எங்கட பிள்ளையெல்லே!"

அது கரிபியன் பக்கத்துத் தீவு, எங்கட ஊர்ப் பக்கத்துத் தீவு இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் எலிசாக்கா படியிறங்கிவிட்டார்.

அடுத்த ஞாயிறு சனம் கொடுத்த சாமானால் அருமைராசாவின் காரின் பின்பெட்டி மூடவில்லை. ஒடியல் மா, பருத்தித்துறை வடை, மூன்று விதமான எண்ணெய், கையை உருவிவிடுகிற முறை சொல்லிக்கொடுக்க ஒரு பரியாரியின் பேரன். பேரனை மட்டும் திருப்பி அனுப்பினார். வீட்டில் றோசா நீலக் கம்பளியில் ஒரு சட்டை பின்னத் தொடங்கியிருந்தாள். தோள் அகலம் கதவளவு வைத்துப் பின்னினாள். அளவு கேட்கவே இல்லை.

"இஞ்சரும், இது ஆருக்கு?"

"அந்தோனியோவுக்குத்தான். பாவம், குளிரிலை நிண்டு அடிக்கிறவனுக்கு..." என்றவள் நூலைக் கடித்தாள். "கையை எப்பவும் சூடா வைச்சிருக்கவேணும் எண்டு எலிசாக்கா சொன்னவ."

இனிச் சாமான் வருவதை நிற்பாட்டவேணும் என்று அருமைராசா எலிசாக்காவிடம் போனார்.

"இனி ஒண்டும் வேண்டாம், அக்கா. அவனை வைச்சிருக்கிறதோ விடுறதோ எண்டே நான் இன்னும் முடிவெடுக்கேல்லை."

"விடுறதோ?" எலிசாக்காவின் குரல் கோயில் மண்டபம் எங்கும் கேட்டது. "தடுமாறுற நேரத்திலை பிள்ளையைக் கைவிடுறதோ? நீரும் ஒரு மனுசனே, தம்பி? உமக்கு ஏலாட்டில் விடும். எங்கட வீட்டு நிலக்கீழ் அறை சும்மாதான் கிடக்கு. வாற ஞாயிறு அவனைப் பூசைக்குக் கூட்டிக்கொண்டு வாரும்."

கூட்டிக்கொண்டு வருவதோ! அன்றிரவு அவருக்கு நித்திரையும் இல்லை, பந்தும் மிதக்கவில்லை.

திங்கட்கிழமை காலை பேனாட்டைப் பிடித்து, "பெடியனை எடு. உன்ரை வயசாளியைத் தா," என்றார். நிரஞ்சனி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "இவ்வளவு நாள் வைச்சிருந்துபோட்டு, இப்பவோ, அண்ணை?"

ஆனால் எலிசாக்காவுக்குச் சொல்ல இப்போது உண்மையான ஒரு பதில் இருந்தது. "அவன் இனி என்னட்டை இல்லை, அக்கா. என்ரை ஃபோர்மன் பொறுப்பெடுத்திட்டான்."

"நல்ல மனுசன். பேர் என்ன?"

சொல்லியிருக்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் தொழிற்சாலை வாசலில் எலிசாக்காவும் செபக்குழுப் பெண்களும், கையில் சட்டி, பானை, றோசா பின்னிக் கொடுத்த நீலச் சட்டையோடு. பேனாட் வெளியே வந்து, "bonjour, bonjour" என்று ஒவ்வொருவருக்கும் தலை குனிந்தான். மொழிபெயர்க்க நிரஞ்சனி ஓடினாள்.

"அவனுக்கு என்ன சொன்னனீர்?" என்று அருமைராசா அவளைப் பிறகு கேட்டார்.

"உள்ளதைத்தான். அந்தோனியோ நல்லா வரவேணும் எண்டு இவையள் மன்றாடுகினம், இதெல்லாம் அதுக்குத்தான் எண்டனான். பேனாட் அழுதுபோட்டான். இருவத்தைஞ்சு வருசமா பேஸ்போல் பாக்கிறானாம், இப்பிடி ரசிகர்களைக் கண்டதில்லையாம்."

அன்று முதல் பேனாட் மருந்துக் குளிர் அறைக்குள் போகும்போதெல்லாம் அந்த நீலச் சட்டையைப் போட்டான். வடை சாப்பிட்டுக் கண்ணீர் விட்டான். உறைப்பாலும் இருக்கலாம்.

அந்தோனியோ அடிக்கத் தொடங்கினான்.

எப்படி அடித்தான் என்கிறீர்கள்! வெளியாலை போகிற பந்தை விட்டான், உள்ளே வருகிறதைத் தூக்கினான். அருமைராசா காருக்குள் றேடியோவைப் போட்டால், விளங்காத பிரெஞ்சு ஆறுபோல ஓடும். நடுவில் "அந்தோனியோ!" என்று ஒரு கூச்சல் வெள்ளி மீன் மாதிரித் துள்ளி எழும்பும். அவருக்கு நெஞ்சு பூரிக்கும். அடுத்த நிமிசம், அந்தப் புள்ளி பேனாட்டுக்கு என்று ஞாபகம் வரும். இவர் வாங்கின வயசாளியோ முழங்கால் பிசகிக் கட்டோடு இருந்தான்.

"அந்தோனியோவுக்குக் கை வந்திட்டுதாம்!" என்று எலிசாக்கா ஒலிவாங்கியில் அறிவிக்க, கோயில் கைதட்டியது. அருமைராசா கண்ணைத் துடைத்தார். எல்லாரும் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தார்கள். பாதி அதுதான். மீதிப் பாதியில் அவர், "ஆண்டவரே, காணும், கொஞ்சம் மெதுவா அடிக்கட்டும்," என்று மன்றாடிக்கொண்டிருந்தார்.

சென்ட் ஜோனுக்கு முதல்நாள் வந்தது. எல்லாரும் சாப்பாட்டு அறையில் கூடினார்கள். பேனாட் முதலாவது. அருமைராசா கடைசி.

பேனாட் ஆடி மாதத்தில் ஒரு கிழமை சொன்னான். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழும்பித் தங்கள் கிழமையைச் சொன்னார்கள். அருமைராசாவின் காதில் ஒன்றும் விழவில்லை. விமான நிலையக் கண்ணாடிக்கு அப்பால் ஒரு பெண் பெட்டியை வைத்துக்கொண்டு இங்கும் அங்கும் பார்ப்பது மட்டும் தெரிந்தது. நரைத்த பின்னல். அவளுக்குக் கையசைக்க இவருக்குக் கை எழும்பவில்லை.

"அருமை! உன்ரை முறை," என்றான் பேனாட்.

"மிஞ்சினது எதெண்டு சொல்லு."

"ஆவணி நடுக்கிழமை."

அருமைராசா எழும்பினார், இருந்தார், திரும்ப எழும்பினார். "அந்தோனியாரே!" என்று கையைக் கூப்பினார். "பாத்தியளே, ஒருத்தரும் தொடேல்லை! அற்புதம்! பிள்ளை நிரஞ்சனி, இது அற்புதமெல்லே?"

நிரஞ்சனி கடலைப் பக்கெற்றை மூடி வைத்தாள்.

"அந்தக் கிழமையை றோசாக்கா விளையாட்டுத் தொடங்க முதலே பேனாட்டுக்கு ஃபோன் எடுத்து உங்களுக்கெண்டு கேட்டு வாங்கினவ, அண்ணை, நான்தான் பிரெஞ்சிலை சொல்லிக் குடுத்தனான், உங்களுக்குச் சொல்லுவம் எண்டு இருக்கேக்கை நீங்களா கோயிலுக்குள்ளை வந்து நிண்டியளாம், பேந்து சொன்னால் திரும்பக் காருக்குள்ளையே இருந்திடுவியள் எண்டு விட்டிட்டா."

உங்கட வீடுகளும் நல்லா இருக்கவேணும், என்ரை குஞ்சுகள். தூரத்தில் இருக்கிற உங்கட சகோதரங்கள் உங்கட வாசலில் வந்து இறங்கட்டும். தடுமாறுகிற பிள்ளைகளுக்குக் கை வரட்டும். வாய் திறந்து கேட்கத் தெரிந்த ஒரு ஆள் உங்கட குசினியில் எப்பவும் இருக்கட்டும்.