ஊர் ஸ்பானிஷ்

"சித்திரை வரைக்கும் பார்ப்பன்," என்றாள் ரதி. "அதுக்குள்ள இந்தத் தெருவில ஒரு சனத்தோடயாவது நான் இருந்து கதைக்க வேணும். இல்லாட்டி வீட்டை வித்துப்போட்டு ஸ்காபரோவுக்குத் திரும்பிப் போறம். சொல்லிப்போட்டன்."

பத்மநாதன் வாயில் எடுத்த தேநீரை விழுங்க மறந்தார்.

விட்பியில் இந்தப் புது வீட்டுக்குக் குடிவந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வாங்கும்போது அவர் வீட்டைவிடத் தெருவைத்தான் கூடுதலாகப் பார்த்தார். காரில் மூன்று நாள் சுற்றி, ஒரு வாசலிலும் மாவிலைத் தோரணம் இல்லை, ஒரு ஜன்னலிலும் தாளித்த மணம் இல்லை என்று உறுதிப்படுத்திய பிறகே கையெழுத்து வைத்தார். மனிதர் பட்ட பாடு அப்படி. தமிழ்ச்சனம் நிறைந்த ஸ்காபரோவில் இருந்த இருபத்தாறு வருடத்தில் கடைசி ஆறு வருடமும், 'மகளுக்கு இன்னும் கலியாணம் ஒண்டும் சரிவரேல்லையோ' என்ற கேள்விக்கு லிப்டிலும் கோயிலிலும் மீன்கடையிலும் பதில் சொல்லியே களைத்துப் போனார். பல் வைத்தியர்கூட வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு அதைத்தான் கேட்டார். மகள் நிலாணியோ ஒட்டாவாவில் தன் வேலையோடு சந்தோஷமாக இருந்தாள்.

பத்மநாதனுக்குக் கிடைத்த நிம்மதி ரதிக்குக் கிடைக்கவில்லை. அவளுக்குக் கார் ஓட வராது. ஸ்காபரோவில் லிப்ட் வாசலில் பத்து நிமிடம் நின்றாலே நாலு வீட்டுச் சமையல் அவளுக்குத் தெரிந்துவிடும். இங்கே பகல் முழுவதும் குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல்தான் பேச்சுத்துணை.

"பக்கத்து வீட்டுக்கு ஆக்கள் வந்திருக்கினம். அவையோட பழகலாம்தானே," என்றார் பத்மநாதன்.

"என்ன பாஷையில?"

அது அவருக்கும் தெரியாது. மார்கழிக் குளிரில் ஆளுக்கு ஒரு தடித்த ஜாக்கெட்டும் கண் மட்டும் தெரியும் தொப்பியுமாகக் காரிலிருந்து வீட்டுக்குள் ஓடுகிறவர்களை எந்த நாட்டவர் என்று எப்படிச் சொல்வது? விடை தபாலில் வந்தது. தவறுதலாக அவர் வாசலில் போடப்பட்ட பார்சல் ஒன்றில் 'சி. கோமஸ்' என்று இருந்தது.

"ரதி! ஸ்பானிஷ் ஆக்கள்! கொலம்பியாவோ பெருவோ தெரியாது. அங்கத்தைய ஆக்கள் எங்கட நிறம்தானாம்."

உடனே போனில் ஸ்பானிஷ் படிப்பிக்கும் செயலி ஒன்றை இறக்கினார். அரை மணித்தியாலம் படித்தார். பார்சலைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார். திறந்த மனிதரிடம் ஒரே மூச்சில் சொன்னார்.

"ஓலா! மி நோம்ப்ரே எஸ் பாப்லோ!"

வணக்கம், என் பெயர் பாப்லோ. செயலியில் அப்படித்தான் இருந்தது. பாப்லோ இருந்த இடத்தில் தன் பெயரைப் போடவேண்டும் என்பது திரும்பி வரும்போதுதான் அவருக்கு உறைத்தது.

அந்த மனிதர் ஒரு கணம் திகைத்தார். பிறகு மெதுவாக, "ஓலா... கோமஸ்," என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அதற்கு மேல் பேசவில்லை. சிரித்துக்கொண்டே நின்றார்.

"பாவம், ஒரு சொல் இங்கிலீஷ் தெரியாது," என்று வீட்டுக்கு வந்து சொன்னார் பத்மநாதன். "இனி நான் இங்கிலீஷில கதைச்சா அந்த மனுசனுக்கு வெட்கமாப் போயிடும். நாங்கள்தான் இறங்கிப் போகவேணும்."

"இறங்குங்கோ. ஆனா இனி உங்களுக்குப் பேர் பாப்லோ. அதை யோசிச்சீங்களோ?"

அடுத்த பனிக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மண்வெட்டியோடு வெளியே வந்தார்கள். அரை மணித்தியாலம் பனி அள்ளிய பிறகு, களைத்துப் போனேன் என்று சொல்ல நினைத்து, பத்மநாதன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "எஸ்தோய் கசாடோ," என்றார்.

கோமஸ் அவரை ஆழ்ந்த அனுதாபத்தோடு பார்த்தார். தானும் இடுப்பைப் பிடித்தார்.

"யோ தம்பியென். கசாடோ. முச்சோ."

வீட்டுக்குள் வந்த பத்மநாதனுக்குக் கால் நிலத்தில் படவில்லை. "ரதி, அவர் என்னைத் தம்பி எண்டு கூப்பிட்டவர்!"

"உங்களையோ? அம்பத்தெட்டு வயசில?"

செயலியில் தேடிப் பார்த்தார்கள். தம்பியென் என்றால் 'நானும்', முச்சோ என்றால் 'நிறைய'. அதோடு, களைத்தவன் கன்சாடோ. கசாடோ என்றால் கலியாணம் கட்டியவன்.

"இடுப்பைப் பிடிச்சுக்கொண்டோ உதைச் சொன்னனீங்கள்?" என்றாள் ரதி. பிறகு அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. விட்பிக்கு வந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் நூறு சொல் படிக்கலாம் என்று பத்மநாதனுக்குத் தோன்றியது.

படிக்கப் படிக்க ஆச்சரியம் கூடியது. ஸ்பானிஷில் மேசைக்கு மேசா. சாப்பிடும் பாணுக்குப் பான். காலில் போடும் சப்பாத்துக்குச் சப்பாத்தோ. சமைக்கிற குசினிக்குக் கொசினா.

"இது எங்கட பாஷையடி அப்பா!" என்று குதித்தார். "போர்த்துக்கேயன் எங்களுக்குத் தந்துபோட்டுப் போன சொல்லும் பேருமெல்லாம் இஞ்சையும் கிடக்கு. அவனும் ஸ்பானிஷ்காரனும் பக்கத்து வீடுதானே."

தை மாதத்தில் அதற்கு ஒரு பரீட்சை வந்தது. வீதியில் பனி தள்ளும் வாகனம் தள்ளிவிட்டுப் போன குவியல், வாசலை மறித்துக் கல்லாக உறைந்து கிடந்தது. மண்வெட்டி வளைந்ததே தவிரப் பனி அசையவில்லை. பக்கத்தில் நின்ற கோமஸிடம் உதவி கேட்கவேண்டும். செயலியோ அதுவரை, 'பையன் அப்பிள் சாப்பிடுகிறான்' என்பதைத்தான் படிப்பித்திருந்தது. அந்த அவசரத்தில் பத்மநாதன் வாயில் வந்ததைச் சொன்னார்.

"கோமஸ்! அலவாங்கு! அலவாங்கு!"

கோமஸின் முகம் மலர்ந்தது. கராஜுக்குள் ஓடிப்போய், உறைந்த பனியைக் குத்தி உடைக்க ஆள் உயர இரும்பு அலவாங்கு ஒன்றோடு வந்தார்.

அன்று முழுவதும் பத்மநாதனைப் பிடிக்க முடியவில்லை. ஒட்டாவாவுக்குப் போன் எடுத்து மகளிடமும் சொன்னார்.

"அப்பா, ஐ ஜஸ்ட் செக்ட். ஸ்பானிஷ்ல அது பலாங்கா. அலவாங்கு எண்டு ஒரு வேர்ட் இல்லவே இல்லை."

"உது புத்தக ஸ்பானிஷ், பிள்ளை. கோமஸ் கதைக்கிறது ஊர் ஸ்பானிஷ்."

பழக்கம் வளர்ந்தது. வளர வளர வீட்டில் சட்டமும் வளர்ந்தது. தமிழ் வானொலியின் சத்தம் குறைந்தது. "சனம் மிரண்டுபோயிடும்," என்று வெங்காயம் தாளிப்பது நின்றது. குசினி ஜன்னல் அடைபட்டது. கருவாடு மார்கழியிலேயே முற்றாகத் தடைசெய்யப்பட்டிருந்தது.

"நெத்தலி எண்டாலும்?" என்று கேட்டாள் ரதி.

"நெத்தலி எண்டாலும். பொலிசைக் கூப்பிட்டுப் போடுவினம். பரிசுகேடாப் போயிடும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோமஸ் ஒரு கோப்பை நிறையச் சிவப்பு அவரைக்கொட்டை கொண்டுவந்து நீட்டினார். உப்பு இல்லை, உறைப்பு இல்லை, அவித்த மணம் மட்டும் இருந்தது. புருஷனும் பெண்சாதியும் பயபக்தியோடு சாப்பிட்டார்கள்.

"உண்மையான ஸ்பானிஷ் சாப்பாடு இதுதான்," என்றார் பத்மநாதன்.

"பாவங்கள்," என்றாள் ரதி.

வெறும் கோப்பையைத் திருப்பிக் கொடுக்கலாமா? அடுத்த ஞாயிறு, அதேபோல் உப்பு உறைப்பு இல்லாமல் அவரைக்கொட்டை அவித்து ரதி அனுப்பினாள். அதற்கு அடுத்த ஞாயிறு அங்கிருந்து வந்தது. கோமஸின் மனைவி ஜன்னலுக்குள் நின்று கை காட்டுவாள், ரதியும் கை காட்டுவாள். கோப்பை போய் வந்துகொண்டிருந்தது. யார் சமைத்தது யாருடையது என்று வித்தியாசம் தெரியவில்லை.

பங்குனிக் கடைசியில் ரதி நன்றாக மெலிந்து போனாள்.

"இஞ்சேருங்கோ, ஒருத்தரோடயாவது கதைக்க வேணும் எண்டு கேட்டன். நீங்கள் என்னடா எண்டா என்ர வீட்டுக்குள்ளயே என்னை வாய் பொத்தி இருக்க வைச்சிட்டீங்கள்," என்றாள். "சித்திரை பிறக்கப் போகுது. வாற திங்கள் நான் வீட்டு ஏஜென்டைக் கூப்பிடுறன்."

"பொறும், ரதி! சனிக்கிழமை அவையைச் சாப்பிடக் கூப்பிடுறன். நீர் அந்த மனுசியோட ஆற அமர இருந்து கதையும்."

ஓடினார். கோமஸ் தன் வாசலில் நின்றார். வெயில் காய்வதற்கு இரண்டு இருக்கைகளைக் கொண்டுவந்து வைத்து, "கதிரை, கதிரை," என்று உபசரித்தார். செயலியில் அதற்கு வேறு சொல் இருந்தது. ஊர் ஸ்பானிஷ் என்று பத்மநாதன் விட்டுவிட்டார்.

"சாபதோ," என்றார். சனிக்கிழமை. "சேனா." இராச்சாப்பாடு. "கசா." வீடு.

"சி! சி! சாபதோ! சேனா! கசா!" என்று ஓமெனத் தலையாட்டினார் கோமஸ், கண் கலங்காத குறையாக.

வெற்றியோடு திரும்பியவரிடம் ரதி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஆரின்ர கசா?"

மறுபடியும் ஓடினார். "கோமஸ்! மி கசா!" என்று தன் நெஞ்சில் தட்டினார். என் வீடு.

"சி! மி கசா!" என்று கோமஸும் தன் நெஞ்சில் தட்டினார்.

"எல்லாம் சரி. நான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னவர்," என்றார் பத்மநாதன் ரதியிடம்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு மேசையில் நாலு கோப்பை, நடுவில் அவரைக்கொட்டை. பத்மநாதன் கழுத்தில் ரை கட்டியிருந்தார். ரதி 'பியென்வெனிடா' என்ற ஒற்றைச் சொல்லை மூன்று நாளாகப் பாடமாக்கி வைத்திருந்தாள். நல்வரவு. ஆறரை ஆயிற்று. ஏழு ஆயிற்று. ஏழரைக்கு எழுந்து ஜன்னலால் எட்டிப் பார்த்தார். அங்கே கோமஸும் ரை கட்டிக்கொண்டு ஜன்னலால் எட்டிப் பார்த்தார். பத்மநாதன் வாங்கோ என்று கையை ஆட்டினார். கோமஸும் அதே மாதிரி ஆட்டினார்.

"இந்தா வாறம் எண்டு காட்டுறார்," என்று வந்து உட்கார்ந்தார்.

எட்டு மணிக்கு ரதி நாலு கோப்பையையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் அவருக்குத் தைரியமாக இருந்திருக்கும்.

"எனக்கு ஸ்பானிஷும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்," என்றாள். "மதில் கரையில நிண்டு, இண்டைக்கு என்ன சமையல் எண்டு ஆராவது ஒராள் கேட்டாக் காணும். அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது."

ஊர்க் கேள்வியிலிருந்து தான் தப்புவதற்காக இவளை இவ்வளவு தூரம் இழுத்து வந்து தனியே விட்டுவிட்டோமே என்று பத்மநாதன் வெட்கப்பட்டார். எழுந்து குசினிக்குப் போனார். உறைபெட்டியின் அடியில் கை விட்டு, மார்கழியில் ஒளித்து வைத்த நெத்தலிக் கருவாட்டுப் பையை எடுத்தார். அடைத்துக் கிடந்த ஜன்னலை அகலத் திறந்தார்.

"பொரியும், ரதி."

"பக்கத்து வீடு?"

"மிரளுறவை மிரளட்டும். திங்கட்கிழமை ஏஜென்டுக்கு நானே போன் எடுக்கிறன். நாங்கள் ஸ்காபரோவுக்குப் போவம்."

ரதி அவரை ஒருதரம் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தாச்சியை அடுப்பில் வைத்தாள். எண்ணெய் கொதித்து நெத்தலி விழுந்ததும், நாலு மாதமாக அடங்கிக் கிடந்த மணம் ஜன்னலால் பாய்ந்து வேலியைக் கடந்து போனது.

ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. கதவு உடைந்துவிடும்போல யாரோ தட்டினார்கள்.

"முடிஞ்சுது!" என்றார் பத்மநாதன். ரையைச் சரிசெய்து, மன்னிக்கச் சொல்லும் ஸ்பானிஷ் வார்த்தையை வாய்க்குள் இரண்டு தரம் உருட்டிப் பார்த்து, கதவைத் திறந்தார். கோமஸ் தலையைக் குனிந்தபடி படிக்குக் கீழே நின்றார். அவர் மனைவி படிக்கு மேலே, காலில் சப்பாத்துக்கூட இல்லாமல், மூச்சிரைக்க நின்றாள்.

"லோ சியெந்தோ," என்று தொடங்கினார் பத்மநாதன்.

அவள் அவரைக் கவனிக்கவே இல்லை. அகப்பையோடு பின்னால் வந்து, "பியென்வெனிடா," என்று சொன்ன ரதியின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நெத்தலியோ பொரிக்கிறீங்கள்? நீங்கள் ஸ்பானிஷ் ஆக்கள், மிரண்டுபோயிடுவீங்கள் எண்டு சொல்லி, இந்த மனுசன் மார்கழியில இருந்து எனக்கு ஒரு கருவாடு பொரிக்க விடேல்லை!"