நடந்து வந்தால்தான் தீர்த்தம்

அந்த வருஷம் அருப்புக்கோட்டையில் புத்தி மங்கியவர்கள் எல்லாம் விடியுமுன் திருச்சுழி ரோட்டில் விறுவிறுவென்று போனார்கள். மங்காதவர்கள் தூங்கினார்கள்.

மூன்று மைல் தள்ளிக் கருவேலங்காட்டில் உக்கிரபாண்டிச் சாமியாரின் குடிசை. ஒரு மடக்குத் தீர்த்தம் குடித்தால் கவலை போகும், மறதி போகும். நிபந்தனை ஒன்றுதான்: வழியில் நிற்காமல், வேர்க்க வேர்க்க நடந்து வரவேண்டும். தெய்வ ரகசியம் எதுவுமில்லை. அங்கே பஸ் நிற்காது.

கோகிலாம்பாளும் போனாள். புருஷன் செத்து ஒரு வருஷம். அழுகைகூட வரவில்லை. மளிகைக் கடையில் துவரம்பருப்பு கேட்டால் கடலைப்பருப்பை எடைபோட்டாள். வாடிக்கை குறைந்தது. ஆனிக்குள் கடையைத் தன் கையில் விட்டுவிடச் சொன்னான் கொழுந்தன் வெள்ளத்துரை.

இருபது நாள் நடந்ததில் தூக்கம் வந்தது. நாற்பதாம் நாள், ஒருமுறை வாசித்த சீட்டை மறுபடி பார்க்காமல் பதினெட்டுச் சாமானையும் கட்டிக் கொடுத்தாள். சாமியாருக்கு ஒரு வெள்ளிச் செம்பு கிடைத்தது.

புகழ் பெருகியது. பக்தர்கள் படும் சிரமம் பொறுக்காமல் சாமியார் பஸ் ஸ்டாண்டு பக்கமே மடம் திறந்தார். நாற்காலி, ஃபேன், அதே தீர்த்தம். தட்சணை மட்டும் இரட்டித்தது. கோகிலாம்பாளும் உட்கார்ந்து குடித்தாள். ஒரே மாதத்தில் பழையபடி கடலைப்பருப்பு. நம்பிக்கை குறைந்துவிட்டது, இரண்டு மடக்காகக் குடி என்றார் சாமியார். வெள்ளத்துரை கெடுவை நினைவூட்டினான்.

கடைக்காரிக்குச் சரக்கைச் சோதிக்கத் தெரியாதா? மறுநாளே வீட்டுக் குழாய்த் தண்ணீரைச் செம்பில் பிடித்துக்கொண்டு பழைய குடிசை வரை நடந்தாள். வாரம் ஒருமுறை வரும் குழாயில் அன்று தண்ணீர் வந்தது. ஊரில் நடந்த நிஜ அற்புதம் அது ஒன்றுதான். தெருவில் ஐந்து பெண்களையும் சேர்த்துக்கொண்டாள். ஆறு வாரம் நடந்தார்கள்.

ஆனிக் கடைசி வெள்ளி. மடம் நிறையக் கூட்டம். கூட வந்த வெள்ளத்துரையையே தன் இஷ்டத்துக்கு இருபது சாமான் சீட்டில் எழுதி வாசிக்கச் சொன்னாள். ஒரே தரம் வாசித்தான். நடந்த பெண்களில் மிகக் குறைவாகச் சொன்னவளே பதினாலு சொன்னாள். கோகிலாம்பாள் இருபதும். இரண்டு மாதமாக நாற்காலியில் தீர்த்தம் குடித்த நாலு பேர் ஆறேழில் நின்றுவிட்டார்கள்.

“நாங்க குடிச்சது குழாய்த் தண்ணி. இப்ப சாமி சொல்லட்டும்,” என்றாள். “அவுகதான் தீர்த்தத்தச் செம்பு செம்பாக் குடிக்கிறாக.”

சாமியார் கண்ணை மூடினார். உப்பு என்றார். புளி என்றார். வெகுநேரம் கழித்து விபூதி என்றார்.

சீட்டில் விபூதி இல்லை.

வெள்ளத்துரை சீட்டை மடித்தான். “கடையை நீங்களே பாருங்க, மதினி.”

கூட்டத்தில் ஒருவர் முண்டியடித்து முன்னே வந்தார். “எந்தத் தெருக் குழாய்த் தண்ணி ஆத்தா அது?”

“தண்ணியில ஒண்ணுமில்லய்யா. நடந்தோம், வேர்த்துச்சு, ரத்தம் ஓடுச்சு. மண்டை தெளிஞ்சிருச்சு. அம்புட்டுத்தான்.”

மறுநாள் விடியலில் அவள் வீட்டுக் குழாயடியில் நாற்பது பேர் செம்போடு உட்கார்ந்திருந்தார்கள். கோகிலாம்பாள் அவர்களைத் தாண்டி நடந்தாள்.

காலுக்கு நடை வேண்டும் என்று சாமியார் வாயால் கேட்டால் நம்புகிறோம். மூளைக்கும் கொஞ்சம் வேலை வேண்டும். அதைச் சொல்ல எந்தச் சாமியாரும் வரமாட்டார்.