ஸ்டவுட்டுக்குக் காய்ச்சல் பார்த்த கதை

தாமதமாக வருகிறவர்களைக்கூட நான் மன்னித்துவிடுவேன். சொன்ன நேரத்துக்கு முன்னால் வருகிறவர்களை மன்னிக்கவே மாட்டேன். தாமதமாக வருகிறவன் முகத்தில் கொஞ்சமாவது குற்றவுணர்ச்சி இருக்கும். முன்னால் வருகிறவன் ஏதோ சாதித்துவிட்ட மாதிரி வந்து நிற்பான். எட்டு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மச்சினன் கண்ணன் நாற்பது நிமிடம் முன்னால் வந்தான். அந்த நாற்பது நிமிடம் இன்னும் என் தொண்டையில் நிற்கிறது.

கண்ணன் என் மனைவி வசந்தாவின் தம்பி. பெங்களூரில் பீர் தயாரிக்கிறான். (குடிக்கிறவன் இல்லைங்க, தயாரிக்கிறவன். இதைச் சொல்லிச் சொல்லியே அவனுக்குப் பாதி முடி கொட்டிவிட்டது.) அவன் அப்பா, அதாவது என் மாமனார், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் நாற்பது வருடம் வேட்டிக்கடை நடத்தியவர். கடையை மகன் பார்த்துக்கொள்வான் என்று நம்பியிருந்தார். மகன் பீர் என்றதும் பேச்சை நிறுத்திவிட்டார். இரண்டு வருடம். எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும், "ஃபேனைக் குறைக்கச் சொல்லும்மா அவன்கிட்ட" என்று வசந்தா வழியாகத்தான் தகவல் போகும்.

கடைசியில் வசந்தா ஓர் ஏற்பாடு செய்தாள். கண்ணன் தயாரித்ததை மாமா முன்னால் நான் ருசி பார்க்க வேண்டும். வெறும் போதைச் சமாச்சாரம் என்று நான் சொன்னால் அவர் எழுந்து போய்விடலாம். இது ஒரு தொழில்தான் என்று சொன்னால் மகனோடு பேச வேண்டும். இதற்கு என்னைத் தேர்ந்தெடுக்கக் காரணம், எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் காபிப்பொடியைத் தீர்மானிப்பவன் நான். சிக்கரி ஒரு சிட்டிகை கூடினாலும் முதல் வாயிலேயே சொல்லிவிடுவேன். தவிர, பதினேழு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவன், பொய் எழுதாதவன் என்று ஒரு பெயர். "மாப்பிள்ளை சொன்னாச் சரி" என்றாராம் மாமா. அதைக் கேட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்ட அந்த ஆளை இன்று எதிரில் பார்த்தால் அறைந்துவிடுவேன்.

பாட்டில் ஒன்றே ஒன்று. பெல்ஜியப் பாணி இம்பீரியல் ஸ்டவுட் என்கிற கறுப்பு பீர். அவன் முதல்முதலாகச் செய்ததில் மிச்சமிருந்த கடைசி பாட்டில். ஒரு வருடம் இருட்டில் வைத்துப் பழுக்கவிட்டது. லேபிளில் தன் கையெழுத்தில் 'உலர்ந்த பிளம், கிராம்பு, பழைய தோல்' என்று ருசியை விவரித்திருந்தான். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செருப்பு தைக்கிற பழைய தோலை யாரடா தின்று பார்த்தது?

"அத்தான், ரொம்ப ஜில்லுனு குடிச்சா ஒரு ருசியும் தெரியாது. பதினாலு டிகிரி இருக்கணும். திறக்கறதுக்கு அரை மணி முன்னாடி ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து வச்சிருங்க, போதும்" என்று சொல்லிவிட்டு, திருவான்மியூரிலிருந்து அப்பாவை அழைத்து வரப் போனான். நான் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன். 4.30: வெளியே எடுத்தல். 5.00: மாமா வருகை, திறத்தல்.

4.05க்கு போன். "ரோடு காலியா இருக்கு அத்தான். அடையாறு பாலம் தாண்டிட்டோம். கால் மணில வந்துருவோம்."

வேறு யாராக இருந்தாலும், வந்தவர்களுக்குக் காபி கொடுத்துப் பேசிக்கொண்டிருந்து, ஐந்து மணிக்குத் திறந்திருப்பார்கள். எனக்கு அது தோன்றவில்லை. பதினாலு டிகிரி என்றால் பதினாலு டிகிரி. கீஸரைப் போட்டு, ஒரு வாளியில் வெந்நீர் பிடித்து, பாட்டிலைக் கழுத்தளவு இறக்கினேன். சூட்டை அளக்க வீட்டில் இருந்தது காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றுதான். அதைப் பாட்டிலின் கழுத்தோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டேன். அன்றைய பக்கத்தில் இப்படி இருக்கிறது:

4.09: லோ.
4.12: லோ. ஒரு சொம்பு வெந்நீர்.
4.15: லோ. இன்னும் இரண்டு சொம்பு.

காய்ச்சல் தெர்மாமீட்டர் மனித உடம்புக்காகச் செய்தது. அந்தச் சூடு வரும்வரை எதில் வைத்தாலும் 'லோ' என்றுதான் காட்டும். இது பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். நான் எம்.எஸ்ஸி. இயற்பியல்.

4.18: 98.4.

அதைப் பார்த்ததும் 'அப்பாடா, நார்மல்' என்று நான் நிம்மதிப்பட்டதை எந்த வார்த்தையால் திட்டுவது என்று எட்டு வருடமாகத் தேடுகிறேன்.

மணி அடித்தது. மாமா நீலம் போட்டு வெளுத்த வேட்டியில் வந்து சோபாவில் உட்கார்ந்தார். நான் பாட்டிலைத் துண்டில் சுற்றி, கையில் ஓப்பனரோடு, அவருக்கு நேர் எதிரே போய் நின்றேன்.

"அத்தான்," என்றான் கண்ணன், "துண்டுல ஏன் ஆவி வருது?"

நான் அதற்குள் நெம்பிவிட்டேன்.

மூடி மின்விசிறியில் பட்டு எங்கோ தெறித்தது. பின்னால் வந்த நுரை முதலில் விட்டத்துக்குப் போனது. மிச்சம் மாமாவின் மார்பிலிருந்து முழங்கால் வரை. விட்டத்திலிருந்து சொட்டுவது மட்டும் கேட்டது. வசந்தா என்னைப் பார்த்த பார்வையை நாட்குறிப்பில் எழுதவில்லை. (எழுதாமலேயே ஞாபகம் இருக்கிறது.)

மாமா வேட்டியின் நனைந்த இடத்தைத் தூக்கினார். எழுந்து போகப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கடையில் துணி பார்க்கிற அதே விரல்கள். பிறகு வசந்தா பக்கம் திரும்பாமல், நேராக மகனைப் பார்த்துக் கேட்டார்.

"ஏலே, இது என்ன சாயம்? இந்தப் பிடி பிடிக்கி."

"சாயமில்லப்பா. கருக வறுத்த பார்லி."

"எம்புட்டு நேரம் வறுக்கணும்?"

கண்ணன் அப்பாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அப்புறம் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். என் தீர்ப்பை ஒருவரும் கேட்கவில்லை.

நான் சமையலறைக்குப் போய், பாட்டிலின் அடியில் தங்கியிருந்ததை டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டு எழுதினேன். 'டம்ளரின் அடி தெரியாத கறுப்பு. கிராம்பும் கனிந்த வாழைப்பழமும் கலந்த மணம். முதலில், பாகு கருகுவதற்குச் சற்று முன்பான வெல்லம். அப்புறம் முதல் டிகாக்‌ஷனின் கசப்பு. விழுங்கிய பின் தீபாவளி லேகியம் போல நெஞ்சில் ஒரு சூடு. அதில் மச்சினன் கைவண்ணம் எவ்வளவு, என் வெந்நீர் எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை.' கடைசியில் பழைய தோலும் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. சரியான சூட்டில் அது எப்படி இருந்திருக்கும் என்பது இனி யாருக்கும் தெரியாது.

விட்டத்துக் கறை இரண்டு வெள்ளையடிப்புக்கு அப்புறமும் எட்டிப் பார்க்கிறது. தெர்மாமீட்டரைத் தூக்கிப் போட வசந்தா விடவில்லை. போன மாதம் எனக்கு நூற்றிரண்டு காய்ச்சல். அவள் மாமாவுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் சொன்னாள்.

"அப்ப மாப்பிள்ளையை யாரும் ஆட்டாதீக," என்றார். "மூடியத் திறந்துராதம்மா."

மாமாவின் பக்கத்திலிருந்து கண்ணன் சிரித்தான். இதில் சிரிக்க ஒன்றுமே இல்லை என்று அன்றைய தேதியில் எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறேன்.